முதுகு தேறினால் மட்டும் போதுமா?

முதுகில் அடிபட்ட தொழிலாளி எப்போது பணிக்குத் திரும்புவார் என்ற கேள்விக்கு மருத்துவர்தான் விடை சொல்ல வேண்டும் என்று எண்ணுகிறோம். உண்மையில், அந்த விடையில் பாதி தொழிற்கூடத்தில்தான் இருக்கிறது.

2020-ல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெடுநாள் படுக்கை ஓய்வே இதற்கு மருந்து என்ற பழைய கருத்தை மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. எலும்பு முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லாதவர்கள் இயன்றவரை நடமாடுவதும், இலகுவான பணிக்கு விரைவில் திரும்புவதுமே நன்மை தரும்.

அந்த இலகுவான பணியைத் தருவது யார்? 50 கிலோ மூட்டை சுமந்தவரைச் சில வாரங்களுக்குக் கணக்கெழுதவோ, சரக்கைச் சரிபார்க்கவோ அமர்த்தலாம். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்கு இடையிடையே அமர இருக்கை தரலாம். இவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஆனால், "முழு வேலையும் செய், இல்லையேல் வீட்டில் இரு' என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டால், தொழிலாளி என்ன செய்வார்? வலியை மறைத்துச் சுமை தூக்கி மீண்டும் அடிபடுவார். அல்லது வேலையை இழப்பார். ஒப்பந்தத் தொழிலாளியாயின் கேட்பதற்கும் நாதியில்லை.

பணியில் காயமுற்றவருக்குத் தற்காலிக இயலாமைக் காலத்தில் 90 சதவீத ஊதியம் கிடைக்க ஈ.எஸ்.ஐ. திட்டம் வழிசெய்கிறது. அது பாராட்டுக்குரியதே. ஆயினும், படுத்திருக்கும் நாள்களுக்குத் தரப்படும் அந்தப் பாதுகாப்பு, பணிக்குத் திரும்பும் நாளில் இல்லை.

பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது; அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. ஆனால், அது அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் துறையில் மாற்றுப் பணி என்பது முதலாளியின் கருணை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இக்குறையைப் போக்கவில்லை.

மருத்துவர் பரிந்துரைத்தால், குறிப்பிட்ட வாரங்களுக்கு ஊதியம் குறையாத இலகு பணி தருவதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். சிறு தொழிற்கூடங்களுக்கு இது சுமையாகும் என்றால், ஊதியத்தில் ஒரு பகுதியை ஈ.எஸ்.ஐ. நிதியே ஏற்கலாம். வீட்டில் இருப்பவருக்கு 90 சதவீதம் தரும் நிதி, உழைக்க முன்வருபவருக்கு உதவத் தயங்குவானேன்?