இன்டர்ன் டைரி: 'பாசிட்டிவ்'னா பயப்படணுமா?

ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப் செய்கிற ஆளா நீங்க? அப்படின்னா எங்க ரூம் உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆறு பேர், ஒரே ஃபேன், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் பாய். போன மாசம் அந்த ரூமில் ஒரு தட்டு மட்டும் தனியாகப் போனது.

ரூம்மேட் ஒருத்தனுக்கு ட்ரெய்னி வேலை கிடைத்து, மெடிக்கல் டெஸ்ட் கொடுத்தான். ரிப்போர்ட்டில் 'ஹெபடைடிஸ் பி'யும் 'பாசிட்டிவ்'வும் ஒரே வரியில்! அவ்வளவுதான், பையன் ஊருக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். "கீழாநெல்லி அரைச்சுக் குடி மச்சி" என்றான் ஒருத்தன். மற்றவங்க என்ன செய்தோம் தெரியுமா? அவன் தட்டையும் டம்ளரையும் சத்தமில்லாமல் ஜன்னலோரம் நகர்த்தி வைத்தோம். நானும்தான்.

ரெண்டு நாள் கழித்து ஒரு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது நோய் இல்லப்பா... பாதுகாப்பு!"

எப்படி? நம்ம கம்பெனி கேட் பாஷையிலேயே சொல்றேன். பார்க்க வேண்டியது மூணு வரி.

ஹெச்.பி.எஸ்.ஏஜி: திருடனோட சட்டை. அதாவது வைரஸின் மேல்புறப் புரதம். சட்டை தெரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆறு மாசம் தாண்டியும் இருந்தால் நாள்பட்ட தொற்று.

ஆன்ட்டி-ஹெச்.பி.எஸ்: செக்யூரிட்டி. அந்தச் சட்டையை அடையாளம் கண்டு பிடிக்க நம் உடம்பே தயாரித்த ஆன்டிபாடி. அளவு 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு.

ஆன்ட்டி-ஹெச்.பி.சி: கேட் ரெஜிஸ்டர். நிஜ வைரஸ் எப்போதாவது உள்ளே வந்திருந்தால்தான் இதில் என்ட்ரி விழும். தடுப்பூசியில் இருப்பது வெறும் சட்டைதான். அதனால் ஊசி போட்டவருக்கு செக்யூரிட்டி இருப்பார், ரெஜிஸ்டர் காலி.

நம்மாளுக்கு ரெண்டாவது வரி மட்டும்தான் பாசிட்டிவ். அம்மாவுக்கு போன் போட்டான். "ஸ்கூல் படிக்கிறப்ப மூணு ஊசி போட்டோமேடா!"

இன்னொரு சுவாரஸ்யம். 1960-களில் இந்த வைரஸைக் காட்டிக் கொடுத்ததே ஒரு ஆன்டிபாடிதான். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ஆன்டிபாடி, ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் இருந்த புரதத்தைப் பிடித்தது. அதைக் கவனித்த பரூச் ப்ளம்பர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

அப்போ கீழாநெல்லி? 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே ப்ளம்பர்க்கோடு சேர்ந்து, நம்பிக்கை தரும் முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஆனால், பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே, அதை நம்பி டாக்டரைத் தவிர்க்காதீங்க.

எல்லாம் சரி... ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்க விடலை. ஒருவேளை அந்த முதல் வரி பாசிட்டிவா இருந்திருந்தா?

அப்பவும் நாங்க தட்டை நகர்த்தியது தப்புதான்! இது பரவுவது ரத்தம், ஊசி, பகிர்ந்துகொள்ளும் ரேஸர், பாதுகாப்பில்லாத உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளில். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. முதல் வரி பாசிட்டிவ் என்றாலும் உலகம் முடிந்துவிடாது. வைரஸின் அளவையும் கல்லீரலையும் பார்த்து, மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

மூணு வரியும் நெகட்டிவா? கேட்டில் காவலே இல்லைன்னு அர்த்தம். இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். நாமெல்லாம் அதற்கு முன்பே பிறந்த பார்ட்டிகள். வீட்டில் கேளுங்க. போடலைன்னா மூணு டோஸ்தான்: முதல் ஊசி, ஒரு மாசம் கழித்து ரெண்டாவது, ஆறாம் மாசம் மூணாவது.

தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவனிடம் ஒரு ஸாரி மட்டும் இன்னும் பாக்கி. இன்னிக்கு நைட் ஷிஃப்ட் முடிஞ்சதும் சொல்லிடணும்.