பன்னிரண்டில் மூன்று போனால் எக்ஸ்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

‘3 எக்ஸ் = 12’ என்று கரும்பலகையில் எழுதி எக்ஸின் மதிப்பைக் கேட்டால், 9 என்று பதில் சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டு. கணக்கு ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்ததை அந்தப் பிள்ளை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. மூன்று அந்தப் பக்கம் போனது, மைனஸ் ஆனது, 12 − 3 = 9. மூன்றுக்கும் எக்ஸுக்கும் நடுவே எழுதாத பெருக்கல் ஒன்று இருப்பது அதன் மனதில் பதியவே இல்லை. ‘ஒன்பதைப் போட்டுப் பார், மூவொன்பது இருபத்தேழு வருகிறதே’ என்று பக்கத்தில் நின்று கேட்கப் பாடவேளையில் நேரமும் இல்லை.

இதே பிள்ளைக்குத்தான் பத்தாம் வகுப்பின் மூன்றாம் இயலில் மூன்று மாறிகளில் சமன்பாடு, பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, அணிகள் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. ஆசிரியர் என்ன செய்வார்? ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்து, 35 எடுக்க வழி காட்டுவார். நூறு மதிப்பெண் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களில் 14. பரவளையத்தைப் பிள்ளை அழகாகவே வரைகிறது. அது எக்ஸ் அச்சை வெட்டும் இடங்கள்தாம் சமன்பாட்டின் மூலங்கள் என்று மட்டும் தெரியாது. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காததும் சரியே. இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் பெருக்கல் விளங்கிவிடாது.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்க வழிசெய்தீர்கள். 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ‘திறன்’ திட்டம் வந்தது. அதிலேயே, எண்கணக்கிலிருந்து இயற்கணிதத்துக்குத் தாண்டும் அந்த ஓர் அடிக்கும் இடம் கொடுங்கள். குறை எண்கள், பின்னம், அடைப்புக்குறி, சமக்குறி இந்த நான்கும் போதும். விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பதற்கும் மதிப்பெண் உண்டென்றால் பிள்ளைகள் தாமாகவே செய்வார்கள்.

இன்னொன்றுக்குப் பெரிய செலவும் இல்லை. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் மாநிலம் முழுக்கக் கணக்கு ஆசிரியர்கள் கூடுகிறார்கள். ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்றதும் நடுவிலிருக்கும் 2 ஏபி-யை விட்டுவிடுவது, பின்னத்தில் பாதியை மட்டும் அடித்துச் சுருக்குவது என்று அவர்கள் கண்ணில் படாத பிழை இல்லை. மதிப்பெண் ஏறியதும் அந்தப் பிழைகள் விடைத்தாள் கட்டோடு மூட்டையாகிவிடுகின்றன. முகாம் முடியுமுன் ஒவ்வொருவரும் அடிக்கடி கண்ட ஐந்து பிழைகளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தொகுத்தால் நான்கு பக்கம் தேறும். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது எட்டாம் வகுப்பு ஆசிரியரின் மேசைக்கு வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்