வீட்டிலிருந்தே இன்டர்வியூ: தேர்வு உங்களுக்கா, உங்கள் வீட்டுக்கா?

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்கு முதல் ஆன்லைன் இன்டர்வியூ. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலுக்கு எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். மூன்றாவதுக்கு, "கொஞ்சம் அமைதியான இடத்துக்குப் போக முடியுமா?" என்று கேட்டார். எங்க வீட்டில் இருப்பதே ஒரு ஹாலும் சமையலறையும்தான். எங்கே போறது?

அந்த வேலை கிடைக்கவில்லை. விசில்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் நான் நிதானமாகப் பதில் சொல்லவில்லை.

2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பரவிய ஆன்லைன் நேர்காணல், இப்போது பல நிறுவனங்களில் முதல் சுற்றாகவே நிலைத்துவிட்டது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. தென்காசியில் இருப்பவர் சென்னைக்கு பஸ் டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அறை, நாற்காலி, கரன்ட், அமைதி என்று முன்பு நிறுவனம் ஏற்பாடு செய்த எல்லாமே இப்போது நம் தலையில். அதனால் படிப்போடு சேர்த்து இதற்கும் தயாராக வேண்டியிருக்கிறது.

கரன்ட், நெட் இரண்டையும் முதலில் பாருங்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் எந்தெந்தப் பகுதிகளில் மின்தடை செய்கிறது என்பது நாளிதழ்களில் முன்கூட்டியே வரும். தேதியை உறுதி செய்யும் முன் அதைப் பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தாலும், கரன்ட் போனால் வைஃபை ரூட்டர் அணைந்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

ஒரு மணி நேர வீடியோ காலுக்கு, தரத்தைப் பொறுத்து அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை செலவாகலாம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர் காலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்தால், இன்டர்வியூ நேரத்தில் வேகம் சுத்தமாகப் படுத்துவிடும். போனிலேயே கலந்துகொள்பவர்கள் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட மறக்காதீர்கள். சரியாக அப்போதுதான் மாமா போன் பண்ணுவார்.

முகத்தில் வெளிச்சம், லென்ஸில் பார்வை

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். நாலு பாடப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்தால் கேமரா கண் மட்டத்துக்கு வந்துவிடும். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள். குரல் போய்ச் சேர ஒரு நொடி ஆகலாம். அவர் முடித்த பிறகு சற்று நிறுத்திப் பேசினால் இருவர் குரலும் மோதாது.

பக்கத்துத் திரையில் ஏஐ சொல்லும் பதிலைப் படிக்கிற யோசனை வேண்டாம். கண் ஓடுவது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். "ஏன் அப்படி?" என்று ஒரே ஒரு துணைக்கேள்வி வந்தால் போதும், மாட்டிக்கொள்வோம்.

பணம் கேட்டால் காலை கட் பண்ணுங்கள்

டெலிகிராமில் மட்டும் பேசிவிட்டு, 'வேலை உறுதி, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்க' என்றால் அது மோசடி. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஆனால், எல்லாம் நம் பொறுப்பா?

இத்தனையும் செய்த பிறகும் பக்கத்து வீட்டில் துளைபோடும் மெஷின் ஓடலாம். அதற்கு விண்ணப்பதாரர் என்ன பண்ணுவார்? தனி அறையும் ஃபைபர் இணைப்பும் உள்ளவர் பதற்றமில்லாமல் பேசுகிறார். அதைத் 'தன்னம்பிக்கை' என்று குறித்துக்கொள்கிறோம். ஒரே அறையில் தாத்தா, பாட்டியோடு இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி திணறினால் 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்கிறோம். இது நியாயமில்லை.

நிறுவனங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். இணைப்பு அறுந்தால் இன்னொரு நேரம் தரப்படும் என்பதை அழைப்பு மெயிலிலேயே எழுதலாம். வீடியோ தடுமாறினால் சாதாரண போன் காலில் தொடரலாம். கல்லூரிகளும் வேலைவாய்ப்புப் பிரிவின் அறையை முன்னாள் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் திறந்துவிடலாம்.

அதுவரை, தடங்கல் வந்தால் மறைக்காதீர்கள். "சார், கரன்ட் போயிடுச்சு, ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று சொல்வதில் எந்தக் கேவலமும் இல்லை. நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் என் தம்பிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அம்மா விடிவதற்குள் சமையலை முடித்து, குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.