பிசிசியைப் பாடமாக்கினால் போதுமா?



உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளையிடம், "முதல் அற்ககோலை அல்டிகைட்டாக்க என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "பிசிசி" என்று உடனே பதில் வரும். "ஏன் பொற்றாசியம் பரமங்கனேற்று சரிவராது?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள்தான் பெயரைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகிறோம்.

காரணம் எளிது. நீர்க்கரைசலில் அல்டிகைட்டு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் காபனில் மறுபடியும் ஐதரொட்சில் கூட்டம் வந்துவிடுவதால், ஒட்சியேற்றி அதையும் தாக்கிக் காபொட்சிலிக் அமிலமாக்கிவிடும். பிசிசியை நீரில்லாத இருகுளோரோமெதேனில் பயன்படுத்துகிறோம். நீர் இல்லை, ஆகவே அடுத்த படியும் இல்லை. வழி அற்ககோல் கீற்றோனோடு நின்றுவிடும். அந்தக் காபனில் இழப்பதற்கு ஐதரசன் கிடையாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது புரியாது என்று சொல்பவர்கள் ஒருமுறை தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கட்டும். உருட்டிய கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகிறது. நொதித்தல் என்கிறோம், உண்மையில் அது பல்பீனோல்களின் ஒட்சியேற்றம். சரியான நேரத்தில் டிரையரில் போட்டு நொதியத்தை நிறுத்தாவிட்டால் தேயிலை கெட்டுவிடும். தாக்கம் வேறுதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி ஒன்றே. அந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்பவர்கள் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்.

நிறுத்தத் தெரியாத இடமும் ஒன்று உண்டு, எங்கள் ஈரல். மெதனோல் அங்கே மெதனலாகி, பிறகு மெதனோயிக் அமிலமாகிறது. அது பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதற்கு வைத்தியர்கள் கொடுக்கும் பொமெபிசோல் என்ற மருந்தும் அந்த முதற்படியைத்தான் தடுக்கிறது.

மது எனக்கு ஹராம். ஆனால் என் வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. அந்த இரண்டு படிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினாலே போதும்.

ஆசிரிய நண்பர்களே, இந்த அலகைத் தொடங்கும் முன் பிள்ளைகளைப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். தவணைப் பரீட்சையில் "எது?" என்று கேட்கும் இடத்தில் "ஏன்?" என்று ஒரு கேள்வியாவது போடுங்கள். எங்கள் மலையகப் பிள்ளைகள் பதில் எழுதுவார்கள், இன்ஷா அல்லாஹ்.