ரெக்கார்டு நோட்டும் ஒத்திகையும்

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரத்தில் தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி விடுதிக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். ஜூலையில் ஆய்வகத்தில் செய்த சோதனையை நவம்பரில், நண்பனின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, விடிய விடிய எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு உட்காருவதற்கு முன் அறையைப் பெருக்கியிருப்பார்கள், துணி துவைத்திருப்பார்கள், பாதியில் விட்ட படத்தின் மீதியையும் பார்த்து முடித்திருப்பார்கள். இதே பிள்ளைகள்தான் கல்லூரி விழாவில் நாடகம் என்றால் கடைசி வகுப்பு முடிந்த கையோடு ஒத்திகைக்கு வந்து நிற்கிறார்கள். பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் ஆகிறது. யாரோ ஒருவருடைய சித்தி வீட்டிலிருந்து பட்டுப்புடவை வந்து சேருகிறது. பெற்றோரும் பேராசிரியர்களும் இதற்குச் சொல்லும் தீர்ப்பு பழையது: கூத்தென்றால் ஓடுகிறான், படிப்பென்றால் ஒதுங்குகிறான், சோம்பேறி. இந்தத் தீர்ப்பில் பாதிகூடச் சரியில்லை என்பது என் கட்சி. யாரும் காத்திராத வேலை, முடியவேண்டிய நாள் கண்ணுக்கெட்டாத வேலை, முதல் முயற்சிக்கே மதிப்பெண் போட்டுவிடும் வேலை: தள்ளிப்போடப்படுபவை பெரும்பாலும் இவைதான். சோம்பலை இதில் இழுப்பதற்கு அவசியமே இல்லை. மடியின்மை அதிகாரத்தை எழுதிய வள்ளுவரே காலம் தாழ்த்துவதைச் சோம்பலோடு ஒன்றாகக் கட்டிவிடாமல், மறதி, தூக்கம் ஆகியவற்றோடு சேர்த்துத் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்.

நாடகம் ஒரு பொழுதுபோக்கு, அதனால்தான் அது எளிதாக நடந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் ஒத்திகை அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் மூன்று அடி எடுத்துவைத்துத் திரும்புவதை இருபது முறை செய்வதில் என்ன பொழுது போகும்? 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்துக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விடிய விடிய ஆடும் ஒரு கலையைச் சில மணி நேர மேடைக்குச் சுருக்குவது ஒரு வேலை. அதன் தாளக்கட்டையும் ஆட்டத்தையும் பாட்டையும், அதுவரை காலில் சலங்கை கட்டியறியாத பட்டப்படிப்பு மாணவர்கள் கற்றுக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. உடம்பு வலிக்கும், மூச்சு வாங்கும், தாளம் தப்பும். எந்தப் பாடத்திட்டத்திலும் இதைவிடக் கடினமான பயிற்சி அப்போது இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1891இல், சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது பதினெட்டு. படித்துக்கொண்டிருந்த இளைஞர். நாடகம் என்பது ஊர் ஊராகப் போகும் தொழில்முறைக் குழுக்களின் காரியம், படித்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றிருந்த காலம். பகலில் படிப்பு, பிறகு வக்கீல் தொழில், அதன்பின் நீதிபதி வேலை என்று இருந்துகொண்டே 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். கூலி கிடையாது, மதிப்பெண் கிடையாது, நல்ல பெயருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் நாடகங்கள் குறித்த நாளில் மேடையேறின.

சரி, கடினமாகவே இருக்கட்டும், பிடித்திருக்கிறதே, பிடித்ததை யார் தள்ளிப்போடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சற்று வியப்பானது. பிடித்ததையும் தள்ளிப்போடுகிறோம், தாராளமாகத் தள்ளிப்போடுகிறோம். 2010இல் சுசான் ஷூ, அயலெட் நீஸி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பேக்கரியில் கேக்கும் ஒரு பானமும் பெற்றுக்கொள்ளும் சீட்டைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவோடும், வேறு சிலருக்கு இரண்டு மாதக் கெடுவோடும் கொடுத்தார்கள். நீண்ட கெடு பெற்றவர்கள்தான் ‘கட்டாயம் பயன்படுத்துவேன்’ என்று அதிகமாகச் சொன்னவர்கள். கடைசியில் மூன்று வாரக்காரர்களில் 31 சதவீதம் பேர் போய்ச் சாப்பிட்டார்கள். இரண்டு மாதக்காரர்களில் 6 சதவீதம்தான். இலவசமாகக் கிடைக்கும் கேக்கை யாராவது வெறுப்பார்களா? நாளை போகலாம் என்று இருந்தே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

திரைப்படம் பார்ப்பதில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். விடியற்காலை 4 மணிக் காட்சிகள் நடந்த நாள்களில், எட்டரை மணி வகுப்புக்கு எழுந்திருக்க முடியாத மாணவன் மூன்று மணிக்குக் குளித்துவிட்டு தியேட்டர் வாசலில் நின்றான். அவனே, ‘இந்தப் படத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்’ என்று ஓடிடியில் குறித்துவைத்த ஈரானியப் படத்தை இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. முந்தையது நாயகன்மீது உள்ள வெறி, பிந்தையது வெறும் பாவனை என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் உண்மையும் உண்டு. 1999இல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ஷோபனா கல்யாணராமன் மூவரும் செய்த ஆய்வில், இன்றைக்கே பார்க்கப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மக்கள் கேளிக்கைப் படங்களை நாடினார்கள்; இன்னொரு நாளைக்கு என்று கேட்டபோது கனமான படங்களை எடுத்தார்கள். நாளைய ‘நான்’ இன்றைய ‘நானை’விட ரசனை மிக்கவன் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஆனால் அதே ஈரானியப் படம் திரைப்படச் சங்கத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு காட்சி என்றால் இந்த மாணவன் போகிறான். பஸ் பிடித்துப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணைத்தலைப்பு சரியாகத் தெரியாவிட்டாலும் முழுதும் பார்க்கிறான். படம் ஒன்றே, ரசனையும் ஒன்றே. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற வசதி அங்கே இல்லை, கூட வருகிறேன் என்று சொன்ன நண்பன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான்.

இதிலிருந்து கெடு ஒன்று இருந்தால் போதும் என்று முடிவுகட்டுவது அவசரம். ரெக்கார்டு நோட்டுக்கும் கெடு உண்டு, அசைன்மென்ட்டுக்கும் உண்டு, இன்டர்னல் தேர்வுகள் மாதாமாதம் வருகின்றன. தள்ளிப்போடுதல் குறையவில்லையே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. நாடகத்தின் கெடுவுக்கும் அசைன்மென்ட்டின் கெடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். அசைன்மென்ட் ஒரு நாள் தாமதமானால் நஷ்டம் எழுதியவனுக்கு மட்டும்தான். அதைப் படிக்க யாரும் ஏங்கிக் காத்திருக்கவில்லை. பல சமயம் யாரும் படிப்பதே இல்லை, பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு டிக் விழுந்தால் உண்டு. இது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் ஒருவர் எழுதியதை இருபது பேர் பார்த்து எழுதுகிறார்கள். நாடகத்தில் ஒருவன் வசனம் மறந்தால் எதிரே நிற்பவள் தவித்துப்போகிறாள். இரண்டாம் காட்சியில் தபால்காரனாக வந்து ஒரே வரி பேசிவிட்டுப் போகிறவன்கூட வராவிட்டால் நாடகம் நிற்கும். தன் பங்கு சிறியதானாலும் அது இல்லாமல் முடியாது என்பதை ஒரு மாணவன் கல்லூரியில் எத்தனை இடத்தில் உணர்கிறான்?

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமானது ஒத்திகை என்ற ஏற்பாடுதான். ஃபுஷியா சிரோய், திமோத்தி பைக்கில் போன்ற உளவியலாளர்கள் சில காலமாகச் சொல்லிவருவது இது: தள்ளிப்போடுவது நேர நிர்வாகக் கோளாறு என்பதைவிட, மனநிலையைச் சமாளிக்கும் ஒரு வழி. வெள்ளைத் தாளைப் பார்த்ததும் எழும் பதற்றம், ‘எனக்கு இது வராது’ என்ற கூச்சம், இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் மாணவன் அறையைப் பெருக்குகிறான். பெருக்கி முடித்ததும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கிறது. ஆக, அவன் ஓடுவது வேலையிலிருந்து என்பதைவிட, அந்த வேலையைக் கையில் எடுத்ததும் தன்னைப் பற்றித் தனக்கு வரும் நினைப்பிலிருந்து. இப்போது ஒத்திகையை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் தாளைப் பார்த்துப் படிக்கிறார்கள், தட்டுத் தடுமாறிப் படிக்கிறார்கள். இரண்டாம் நாள் உச்சரிப்பு தப்புகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், தப்பியவனும் சிரிக்கிறான். மோசமாகச் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட நாள்கள் அவை, அதுவும் பிறர் முன்னிலையில், எந்தக் கணக்கிலும் ஏறாமல். நம் வகுப்பறையில் இதற்கு இணையான ஒன்று கிடையாது. கட்டுரையின் முதல் வடிவமே முடிவான வடிவம்; வைவாவில் வாய் திறந்ததும் வருகிற வார்த்தைக்கே மதிப்பெண். முதல் நாள் ஒத்திகையையே அரங்கேற்றமாக வைத்தால் எந்த நடிகனும் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டில்தான் இருப்பான்.

வளர்ந்த பிள்ளைகள், தங்கள் நாளைத் தாங்களே வகுத்துக்கொள்ளட்டும், எத்தனை நாள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்று ஒரு மறுப்பு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தன் நாளைத் தானே வகுப்பதில் வளர்ந்தவர்களும் அவ்வளவு கெட்டிக்காரர்களாகத் தெரியவில்லை. 1994இல் கனடாவைச் சேர்ந்த பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும், பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரி மதிப்பீடு 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. 2002இல் டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்பிராக் இருவரும் வெளியிட்ட ஆய்வு எம்ஐடியில் ஒரு பயிற்சி வகுப்பில் நடந்தது. படித்தவர்கள் வேலையில் இருக்கும் நிர்வாகிகள். மூன்று கட்டுரைகளுக்கு ஆசிரியரே சீராக இடைவெளி விட்டு நாள் குறித்த வகுப்பு, தானே நாள் குறித்துக்கொண்ட வகுப்பைவிட நல்ல மதிப்பெண் வாங்கியது. (ஏரியலி சேர்ந்து எழுதிய வேறோர் ஆய்வுக் கட்டுரை, நேர்மை பற்றியது, தரவு பொய் என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அவர் பெயர் வரும் இடத்தில் நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். கனடியக் கணக்குக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.) தாங்களே நாள் குறித்தவர்களிலும் பலர், கடைசி நாள் வரை விட்டுவைக்காமல் முன்கூட்டியே கெடு வைத்துக்கொண்டார்கள். தங்களை நம்ப முடியாது என்று தங்களுக்கே தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கை வேண்டும் என்பது குழந்தைத்தனமானால், சபாவில் அரங்கம் பதிவு செய்து, அழைப்பிதழ் அச்சடித்துவிட்டுப் பிறகு மூன்றாம் அங்கத்தை எழுத உட்காருகிற அத்தனை நாடக ஆசிரியர்களும் குழந்தைகள்தான்.

இருப்பதில் கனமான மறுப்பு இனிமேல்தான். நாடகமே ஒரு தள்ளிப்போடுதல் இல்லையா? ஒத்திகைக்குப் போனவன் அந்த நேரத்தில் கணக்குப் பாடத்தைத் தொடவில்லையே? உண்மை. ஸ்டான்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் ஜான் பெரி 1996இல் இதைப் பற்றி அரை வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார்: தள்ளிப்போடுகிறவர்கள் சும்மா இருப்பதில்லை, பெரிய வேலையைத் தவிர்க்க வேறு பல உருப்படியான வேலைகளைச் செய்துமுடிக்கிறார்கள் என்று. அதற்கு 2011இல் நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. தமிழ் மேடை இந்த வகையில் கல்லூரிகளுக்குக் கடன்பட்டது. 1972இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த மோகன், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக ‘கிரேட் பேங்க் ராபரி’ எழுதினார். அங்கிருந்துதான் கிரேஸி மோகன் வந்தார். ஆனால் ஒரு மோகனைக் காட்டி ஆயிரம் அரியர்களை நியாயப்படுத்த முடியாது. 1997இல் டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் மாணவர்களைப் பருவம் முழுவதும் தொடர்ந்து கவனித்தார்கள். தள்ளிப்போடுகிறவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், முடிவில் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் கூடிப்போய், மொத்தக் கணக்கில் நஷ்டப்பட்டார்கள், மதிப்பெண்ணும் குறைந்தது. நாடகத்துக்குப் போகிறவன் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனை ஒத்திகைக்கு வரவைத்தது எதுவோ, அது வகுப்பறையில் ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் பெரிய சீர்திருத்தமில்லை. கட்டுரையின் முதல் வடிவத்துக்கு மதிப்பெண் போடாமல் வகுப்பில் நான்கு பேர் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டலாம். ஒருவர் செய்த பகுதி வந்து சேர்ந்தால்தான் இன்னொருவர் தொடங்க முடியும் என்று ஆய்வக வேலையைப் பிரிக்கலாம். பருவ முடிவில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் ரெக்கார்டு நோட்டை அந்த வாரமே, அதே மேசையில், சோதனை முடிந்ததும் எழுதவைக்கலாம். சில ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள், அவர்கள் வகுப்பில் விடிய விடிய எழுதும் கூட்டம் குறைவு. அறுபது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அதில் உண்மை உண்டு, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தனியாக மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை ஒருவன் படித்து முடிக்க வேண்டியிருக்கிறது. அதில் அவனுக்காக யாரும் திரைக்குப் பின்னால் காத்திருக்கப் போவதில்லை. அதற்கு ஒத்திகை அறையில் மருந்து கிடையாது. பம்மல் சம்பந்த முதலியாரும் சட்டப் புத்தகங்களைத் தனியாகத்தான் படித்திருப்பார்.