புத்தர் மணிக்கு ஏலம் நின்றது! ஏழை வீட்டுச் சங்கிலிக்கு மிச்சப் பணமாவது வருமா?

ஹாங்காங்கில் 2025 மே 7-ந் தேதி ஒரு பெரிய ஏலம் நடப்பதாக இருந்தது. ஏலம் விட இருந்தது சோத்பீஸ் கம்பெனி. சரக்கோ லேசுப்பட்டது அல்ல. உத்தரப்பிரதேசத்தில் உள்ள பிப்ராவாவில், 1898-ல் பெப்பே என்ற வெள்ளைக்காரர் தோண்டி எடுத்த ரத்தின மணிகள். புத்தரின் அஸ்தியோடு சேர்த்துப் புதைக்கப்பட்டவை!

மத்திய அரசு வக்கீல் நோட்டீஸ் விட்டது. ஏலம் நின்றது. கோத்ரெஜ் குழுமம் பணம் போட்டு வாங்கியது. ஜூலை 30-ந் தேதி, மணிகள் தாயகம் திரும்பிய சேதி வந்தது. நாடே சந்தோஷப்பட்டது. நியாயம்தான்.

ஆனால் நகை ஏலம் ஹாங்காங்கில் மட்டுமா நடக்கிறது? செங்கல்பட்டிலும் நடக்கிறது!

முழுகிப் போன நகை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளித்தால் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை படகுகள் கரை ஏறிவிடும். அடுப்பு எரிய வேண்டுமே! கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும். ஜூன் மாதம் பள்ளிக்கூட பீஸ் கட்ட, செங்கல்பட்டு குமாஸ்தா வீட்டு வளையலும் அதே வழிதான்.

வட்டி ஏறும். கெடு தாண்டும். ஒருநாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஏல அறிவிப்பு வரும். பெயர் கூட இருக்காது, வெறும் கடன் நம்பர்தான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! "நகை முழுகிப் போச்சு" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்! நகைதான் போச்சு. பணமும் போக வேண்டியதில்லை.

கணக்கு இதுதான்

அசலும் வட்டியும் ஏலச் செலவும் சேர்ந்து ரூ.48 ஆயிரம் என்று வையுங்கள். நகை ரூ.70 ஆயிரத்துக்குப் போகிறது. மிச்சம் ரூ.22 ஆயிரம் யாருக்கு? கடன் கொடுத்தவருக்கு அல்ல. அது நகைக்காரர் பணம்!

பேங்குகளுக்கும் நகைக்கடன் கம்பெனிகளுக்கும் ரிசர்வ் பேங்க் 2025 ஜூன் 6-ந் தேதி புது விதி போட்டது. 2026 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் அமல்படுத்தச் சொன்னது. ஏலத்துக்கு முன் கடன்காரருக்குத் தகவல் தர வேண்டும். இரண்டு பேப்பரில் அறிவிப்பு வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். ஆரம்ப விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் படியாவிட்டால்தான் 85. கடன் கொடுத்தவரே ஏலம் கேட்கக் கூடாது. ஏலப் பணம் முழுதும் வந்த ஏழு வேலை நாளில் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

விதி நல்ல விதிதான். தெரிந்தவர் எத்தனை பேர்?

ஏல அறிவிப்பைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடட்டும். எந்த நகை என்ன விலைக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று தமிழில் கணக்கெழுதிக் கையில் கொடுக்கட்டும். கொடுக்கிறார்களா என்று மாவட்ட நிர்வாகம் கண்காணிக்கட்டும்.

நகையை அடகு வைத்தவர்களும் சும்மா இருக்கக் கூடாது. வீடு மாறினால் புது விலாசம் கொடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகை முழுகினால் அழுதுவிட்டு வந்துவிடாதீர்கள். "மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள்!

புத்தர் மணிக்காக ஒரு சர்க்காரே நோட்டீஸ் விட்டது. அந்த அம்மாவின் சங்கிலிக்கு அவரேதான் வாய் திறக்க வேண்டும்.