மருந்து அடிக்கிறவங்களையும் நெனச்சுப் பாருங்க



இயற்கை விவசாயம் என்று கட்டுரைப் போட்டி வைத்தால் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். சத்து அதிகம், நோய் வராது, நம் முன்னோர் நூறு வயசு வாழ்ந்தாங்க என்று. (நம்ம ஊர்ல நூறு வயசு வாழ்ந்தவங்க எத்தனை பேர்னு யாரும் எண்ணிப் பாக்கல!) இதெல்லாம் சாப்பிடுறவங்களைப் பற்றிய பேச்சு. என் கருத்து வேறு. இயற்கை விவசாயத்தால் முதல் நன்மை மருந்து அடிக்கிறவங்களுக்குத்தான்.

கம்மாபுரம் பக்கம் நெல்லுக்கு மருந்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் டேங்கு, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எதிர்காத்து அடிச்சா மருந்து மூஞ்சியிலதான் படும். எங்க அப்பா மருந்து அடிச்ச அன்னிக்கு ராத்திரி தலைவலின்னு சோறு சாப்பிட மாட்டார். அந்தச் சட்டையை அம்மா கையாலதான் துவைப்பாங்க. அப்புறம் அதே வயலில் களை எடுக்க இறங்குறதும் பொம்பளைங்கதான். பட்டணத்துல அரிசி வாங்குறவங்களுக்குப் போறது மிச்சம் மீதி. நமக்கு முழுசு.

2017-இல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கேரளாவில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் பல பிள்ளைகள் உடல் குறையோடு பிறந்தார்கள். 2011-இல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்துக்குத் தடை போட்டது. நம்ம விருத்தாசலம் பக்கமும் முந்திரிதானே, அதனால் சொல்கிறேன்.

"மருந்து போடாம விளையுமா? கடனை நீ கட்டுவியா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் விழுந்துபோச்சு, அரிசியை வெளிநாட்டில் வாங்கினாங்க, அந்த வருஷம் நவம்பர்லயே தடையை எடுத்துட்டாங்க. சிக்கிம் மாநிலம் 2003-இல் ஆரம்பித்து 2016-இல்தான் முழு இயற்கை மாநிலம் ஆச்சு. 13 வருஷம்! அதனால எல்லாத்தையும் இன்னிக்கே விடச் சொல்லல. உரத்தை மெதுவா குறைக்கலாம். முதல்ல மருந்தை விடுவோம், அதுவும் வீட்டுச் சாப்பாட்டுக்கு விளையுற அரைக் காணியில மட்டும்.

அதுக்கு வேப்பங்கொட்டை போதும். 5 கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து 100 லிட்டர் ஆக்கணும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கணும். பூச்சி நிறைய ஏறின பிறகு அடிச்சா சீக்கிரம் கேக்காது, ஆரம்பத்துலயே அடிக்கணும். ஒரு அமெரிக்கக் கம்பெனி வேப்ப எண்ணெய்க்கு ஐரோப்பாவில் காப்புரிமையே வாங்கி வச்சிருந்தது. 2000-இல்தான் அது ரத்தாச்சு. அவங்களுக்குத் தெரிஞ்ச அருமை நமக்குத் தெரியல. ஆனி, ஆடியில் நம்ம ஆயாக்கள் கொட்டை பொறுக்கி வியாபாரிக்கு விக்கிறாங்க, அந்தக் காசு மருந்துக் கடைக்குப் போகுது!

நம்ம பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கொட்டையெல்லாம் மிதிபட்டுக் கிடக்கு. சாரிடம் கேட்டுவிட்டு இந்த ஆனியில் நாங்கள் சில பேர் பொறுக்கிக் காயவைக்கப் போகிறோம். யார் வீட்டில் அரைக் காணி ஒதுக்கச் சம்மதிக்கிறாங்களோ, என்கிட்ட பேர் கொடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி